கிணற்றுக்கு எந்தப் பக்கம் கல்

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் மூடாப்பு. பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். பட்டறையில் வெள்ளத்தில் முங்கின மோட்டார் இன்னும் ஏழு. எல்லாவற்றின் வயிற்றிலும் சேறு. ஒன்றைப் பிரித்தால் உள்ளே ஒரு அயிரை மீன், காய்ந்து, செப்புக் கம்பியோடு ஒட்டி. கம்பி எது மீன் எது என்று தெரியவில்லை. ஸ்டெல்லாவிடம் காட்டினேன். "கொழம்புக்குப் பத்தாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பெண்டாட்டி என்றால் இப்படித்தான் அமைய வேண்டும், அதிகம் பேசாமல்.

நானும் இன்று அதிகம் பேசாமல் இருந்திருக்கலாம்.

நேராக எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கே பிடிபடும். ஆற்றங்கரையில் தங்கச்சி பாக்கியத்துக்கு அறுநூறு வாழை. அப்பா வழியில் வந்த பங்கு. எனக்கு வீடும் பட்டறையும், அவளுக்குத் தோட்டம். அதை ஒட்டி மேற்கே தங்கதுரை அண்ணாச்சி தோட்டம். எங்கள் அப்பாவும் அவர் அப்பாவும் சேர்ந்து வாங்கிய நிலம், கூட்டுப் பட்டா. நடுவில் ஒரு கல்லை நட்டு, இது உனக்கு அது எனக்கு என்று வாயால் பேசிப் பிரித்ததுதான். கல்லுக்குப் பக்கத்தில் கிணறு. இரண்டு வீட்டு மோட்டாரும் அதில்தான். சண்டை என்று ஒன்று வந்ததில்லை, அதனால் கல்லை யாரும் பார்த்ததுமில்லை. நாணல் மூடி, தலை மட்டும் தெரியும். கிறிஸ்மஸுக்கு முன்னால் ஆறு உள்ளே வந்து நாணல், வரப்பு எல்லாம் வாரிக்கொண்டு போனது. கல் பிடுங்கிப் பள்ளத்தில் கிடந்தது. நின்ற குழிகூட இல்லை.

இப்போது அண்ணாச்சியின் மகன் தோட்டத்தை விற்கிறான். வாங்குகிறவர்கள் கிணறு யாருடையது என்று கேட்கிறார்கள்.

பாதையில் நின்று ஆற்றைப் பார்க்க வேண்டும். கல் கிணற்றுக்கு இடது பக்கம் நின்றது என்றால் கிணறு பாக்கியத்துக்கு. வலது பக்கம் என்றால் அண்ணாச்சிக்கு. கிணறு போனால் அறுநூறு வாழையும் கோடை தாங்காது. மாப்பிள்ளை குவைத்தில். அவள் ஒற்றையாள்.

சாயங்காலம் பால் சொசைட்டி வாசலில் இதே பேச்சு. அண்ணாச்சி மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் மாதா கோயில், அவர்கள் வேறு சபை, செபமாலை சொல்லாதவர்கள். எதையும் எழுத்தில் கேட்கிற மனிதர்.

"ஏலே அந்தோணி, ஒங்க அப்பன் நட்ட கல்லு. எந்தப் பக்கம் நின்னுச்சுன்னு ஒனக்கே தெரியாதா?"

"கார்த்திகை மாசம் அந்தக் கல்லு மேல ஒரு கொக்கு நின்னுச்சு அண்ணாச்சி. படம் பிடிச்சு வச்சிருக்கேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

"போனைக் காட்டும் வே," என்றார் பால் ஊற்றுகிற செக்ரட்டரி.

"போன்ல இல்ல. பிலிம்ல. இன்னும் கழுவல."

சிரிப்பு. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "பிலிம்னா சரி. போன் படத்த நான் நம்ப மாட்டேன். என் பேரன் நான் சிங்கத்து மேல உக்காந்து போற மாதிரி படம் செஞ்சு காட்டுதான். எனக்கே நம்பிக்கை வந்துட்டு. ஞாயித்துக்கிழம ரெண்டு கோயிலும் விட்ட பொறவு இங்கன கொண்டா. அது என்ன சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்படுதேன்."

பாக்கியமும் பால் தூக்கோடு நின்றாள். "நானும் கட்டுப்படுதேன்," என்றாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, அண்ணன் இருக்கிறான் என்கிற மாதிரி.

கல் எந்தப் பக்கம் என்று எனக்கு ஞாபகமில்லை. என்னுடையது பழைய பெட்டிக் காமிரா, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் பின்னால் இருக்கிற கண்ணாடியில் எல்லாம் தலைகீழ், இடம் வலம் மாறி. நான் பார்த்துக்கொண்டிருந்தது கொக்கின் காலை. கிணறு எங்கே நின்றது என்று யார் பார்த்தார்கள்.

ஜனவரி 7, புதன்

வெயில். காற்று இல்லை.

பிலிம் கணக்கு. பிலிம் செருகுகிற சட்டம் மூன்று, சட்டத்துக்கு இரண்டு பக்கம், ஆக ஆறு:

1 - ஆடு
2 - கோயில் கோபுரம்
3 - ஸ்டெல்லா, முற்றத்தில் உட்கார்ந்து
4, 5 - ஆறு, வெள்ளத்துக்கு முன்
6 - கொக்கு

கொக்கு ஒன்றே ஒன்றுதான், பாதையில் நின்று ஆற்றைப் பார்த்து எடுத்தது. இரண்டாவது எடுப்பதற்குள் பறந்துவிட்டது.

ஒவ்வொரு பிலிமும் சீட்டுக்கட்டுச் சீட்டு அளவு. காமிரா கிடைத்தது திசையன்விளை பழைய இரும்புக் கடையில். செப்புக் கம்பி வாங்கப் போன இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, துருத்தி மாதிரி மடிப்போடு. கடைக்காரர் அது பழைய ஆர்மோனியம் என்று நினைத்துப் போட்டிருந்தார். ஊதிப் பார்த்ததாகவும் சொன்னார். எடுத்து வந்து ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டை அடைத்தேன். பிலிம் தபாலில் வருகிறது. கழுவுவதற்குக் கோயம்புத்தூரில் இருக்கிற மகள் வீடியோ அனுப்பினாள். ஒரு வெள்ளைக்காரர். அவர் பேச்சு புரியாது, கையை மட்டும் பார்த்தேன். நான் படித்தது அஞ்சாப்பு. மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கட்டவும் யாரும் எனக்கு எழுதிக் காட்டவில்லை, அதுவும் கையைப் பார்த்து வந்ததுதான்.

மருந்து: காப்பித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி தூள். பிறகு நல்ல தண்ணீர். பிறகு ஹைப்போ, படத்தை நிலைக்க வைக்கிற உப்பு. ஹைப்போவுக்கு அப்புறம்தான் வெளிச்சம் காட்டலாம். அதுவரை கும்மிருட்டு. குளிக்கிற அறைதான் இடம். கதவு இடுக்கில் ஸ்டெல்லாவின் பழைய சேலை, தகரக் கூரை ஓட்டைக்குச் சாக்கு. மண்பானைத் தண்ணீரில் கலந்தால் சூடு அடங்கும்.

நேரம்தான் பாடு. கடிகார முள்ளில் பச்சை வெளிச்சம், உள்ளே ஆகாது. போன் ஆகவே ஆகாது. வெளியே போனில் மணி வைத்துப் பார்த்தோம் ஒரு தடவை. நடுவில் மகள் கூப்பிட்டாள், ஸ்டெல்லா பேசிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தப் பிலிம் கரிச்சட்டி. அதிலிருந்து செபமாலைதான். கை ஈரம், மணி பிடிக்க முடியாது, வாயால் எண்ணிக்கை. ஒரு அருள் நிறைந்த மரியே முடிந்தால் அடியில் இருக்கிற பிலிமை எடுத்து மேலே வைக்க வேண்டும். மூன்று பத்து முடிந்தால் படம் சரியாக இருக்கும். இதுவரை பிசகியதில்லை.

இன்று சோதனைக்கு 1, 2 மட்டும். கொக்கை உடனே தொட பயம்.

மத்தியானம் கழுவினேன். ஆடு வந்திருக்கிறது, ஆவி மாதிரி. கோபுரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது.

"நான் வெளியதான் நின்னேன்," என்றாள் ஸ்டெல்லா. "அது செபமா? பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸு மாதிரி போறிய. மாதாவுக்கே மூச்சு வாங்கும்."

"எப்பவும் போலதான் சொன்னேன்."

"எப்பவும் போலயா? எங்க அத்தை செத்த வீட்டுலகூட இம்புட்டு வேகமா சொன்னதில்ல."

அவள் சொன்னது சரிதான். வாய் தானாக ஓடிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பின்னாலேயே துரத்துகிற மாதிரி.

காப்பிப் பொட்டலத்தையும் எடுத்துப் பார்த்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தேன். பின்னால் கடுகு அளவில், சிக்கரி கலந்தது. முன்பு வாங்கியது வேறு. இந்தத் தடவை ஸ்டெல்லா குடிக்க நன்றாக இருக்கும் என்று மாற்றி வாங்கியிருக்கிறாள். சிக்கரிக்குப் படம் கழுவுகிற சத்து கிடையாது. என் வாய் பாதி, சிக்கரி பாதி.

ஹைப்போவும் தீரப்போகிறது.

ஜனவரி 8, வியாழன்

திருநெல்வேலி போய் வந்தேன். ஏழரை பஸ். பாலத்தில் ஏறும்போது பார்த்தால் ஆறு இன்னும் செம்மண் நிறம்தான். படித்துறையில் ஆட்கள் குளிக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் குளித்தால் உடம்பு வெளுக்குமா சிவக்குமா தெரியவில்லை.

முன் சீட்டில் இரண்டு பெண்கள். எங்கள் ஊர் இல்லை, பக்கத்து ஊர்.

"கேட்டியா, அங்கன ஒருத்தன் காப்பித்தண்ணியில கிணத்தக் கண்டுபிடிக்கானாம்."

"குறி சொல்லுதவனா?"

"இல்ல, வேதக்காரன்தான், மாதா கோயிலுக்குப் போறவன். மோட்டார் கட்டுதவன். இருட்டுக்குள்ள உக்காந்து செபம் சொன்னா காப்பியில கல்லு தெரியுமாம்."

"அப்ப என் கம்மல் எங்க போச்சுன்னு கேட்டுச் சொல்லேன்."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜங்ஷனில் காப்பிக் கடை. சிக்கரி இல்லாத தூள் கேட்டேன்.

"சிக்கரி இல்லாம ரொம்பக் கசக்குமே அண்ணாச்சி."

"குடிக்கதுக்கு இல்ல."

"பொறவு?"

"படம் கழுவ."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பொட்டலத்தை இரண்டு தடவை நூல் சுற்றிக் கட்டினார். கட்டும்போதும் என்னையே பார்த்தார்.

பாளையங்கோட்டையில் மருந்துக் கடை பூட்டியிருந்தது. சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். மூன்று மணிவரை படியில் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு நாய், இடது காது இல்லை. இடது காதா வலது காதா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இந்த வாரம் முழுக்க இதே நினைப்புத்தான். கை கழுவினாலும் எந்தக் கை முதலில் என்று பார்க்கிறேன். ஹைப்போ கிடைத்தது.

வீட்டுக்கு வந்தால் பாக்கியம் காத்திருக்கிறாள். ஸ்டெல்லா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமைக்கு முன்னால என்கிட்டதான் காட்டணும்."

"காட்டுதேன்."

"என்ன இருந்தாலும் காட்டணும்."

"என்ன இருந்தாலும்னா?"

"ஒண்ணுமில்ல." சொம்பை வைத்துவிட்டுப் போனாள். தண்ணீர் அப்படியே இருந்தது.

ஜனவரி 9, வெள்ளி

கை இன்னும் காப்பி வாசம். பேனா வழுக்குகிறது. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணி, உச்சி வெயில். கொக்கையும் ஸ்டெல்லாவையும் சேர்த்துக் கழுவுவதாக முடிவு. ஒற்றைப் பிலிம் என்றால் அடியில் இருப்பதை மேலே எடுத்து வைக்கிற வேலை இல்லை, எண்ணிக்கை கையில் நிற்காது. இரண்டு இருந்தால் ஒன்று மாற்றி ஒன்று. செபம் என் வாயால் வேண்டாம், ஸ்டெல்லா வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து சொல்லட்டும்.

"இன்னைக்கு வெள்ளி. துக்க தேவ ரகசியம்தான் சொல்லணும்," என்றாள்.

"எது வேணும்னாலும் சொல்லு. பைய சொல்லு."

கதவைச் சாத்தினேன். சேலையைத் திணித்தேன். இருட்டு.

ஸ்டெல்லா பிலிம் சுலபமாக வந்தது. கொக்கு வரவில்லை. சட்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, வெள்ளத்தில் ஈரம் குடித்திருக்கிறது. நகத்தால் நெம்பினேன். கிறீச்சென்று ஒரு சத்தம். விரலால் தடவினேன். ஓரம்தான், நடுவில் வழவழவென்று இருந்தது. இரண்டையும் முதலில் பச்சைத் தண்ணீரில் போட்டேன். பிறகு மருந்தில்.

"தொடங்கு!"

அவள் தொடங்கினாள். ஒரு சீர். வயலில் நாற்று நடுகிற மாதிரி. முதல் பத்து நன்றாகப் போனது. இரண்டாம் பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று. அப்போது வாசலில் பைக் நிற்கிற சத்தம்.

"ஏ ஸ்டெல்லா, அந்தோணி எங்க?"

தங்கதுரை அண்ணாச்சி.

ஸ்டெல்லா நிறுத்தவில்லை. சத்தத்தைக் கூட்டினாள்.

"ஓ, செபமா. முடி, முடி. நான் நிக்கேன்."

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவருக்குப் பொறுக்கவில்லை. "குளிக்கானா?"

"உள்ள படம் கழுவுதாக," என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அப்புறம் சத்தம் இல்லை. எத்தனையாவது என்று அவளுக்கு விட்டுப்போயிற்று. எனக்கும். மருந்தில் கை, இருட்டு, பிலிம் இரண்டும் ஊறிக்கொண்டே இருக்கின்றன.

"ஏட்டி, நிறுத்தாத!" என்று கத்தினேன். "எத்தனை ஆச்சு?"

"நாலா... அஞ்சா..."

"அஞ்சு சொல்லிட்டா லே," என்றார் அண்ணாச்சி. "நான் எண்ணிக்கிட்டுதான் நிக்கேன். ஒங்க ஆளுவ ஒண்ணையே அம்பது தடவ சொல்லுவிய, கேக்கிறவனுக்கு எண்ணுததத் தவிர வேற என்ன வேலை. ஆறுல இருந்து போ."

அவள் ஆறிலிருந்து போனாள். நானும் கையை ஓட்டினேன். அந்த மனிதருக்கு இந்தப் படம் கெட்டால் நல்லது. இருந்தும் எண்ணிச் சொன்னார்.

அப்புறம் தாழ்ப்பாள் அசைந்தது. வெளியே இருந்து கை.

"லே, கதவத் தொற, ஒரு வார்த்தை."

"தொறக்காதிய அண்ணாச்சி! தொறந்தா படம் போச்சு!"

எங்கள் தாழ்ப்பாள் லேசானது. ஒரு தள்ளு தள்ளினால் போதும். தெரியாமல் தள்ளிவிட்டேன் என்றால் யார் என்ன சொல்ல முடியும்? நான் குனிந்து, முதுகால் மருந்துத் தட்டை மறைத்துக்கொண்டு நின்றேன். ஸ்டெல்லாவின் செபம் நிற்கவில்லை.

கை எடுபட்டது.

"நான் தொடல," என்றார். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினார். அவர் பேச்சும் செபமும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கேட்டது. "மவன்தான் விக்கான். எனக்கு அதுல மனசு இல்ல. ஆனா கிணறு நம்மளுதுன்னுதான் எங்க அப்பா சாவுத வரைக்கும் சொன்னாவ. அத ஒங்கிட்டச் சொல்லணும்னு வந்தேன். வேற ஒண்ணுமில்ல. இப்ப நான் படத்தப் பாக்க மாட்டேன். பாத்தா, நின்னு என்னமோ செஞ்சிட்டேம்பாவ. வாரேன்."

பைக் போனது. மூன்றாம் பத்து முடிந்தது. தண்ணீர். ஹைப்போ. கதவைத் திறந்தேன். சட்டை வேர்வையில் பிழிந்தால் ஒரு தம்ளர் வரும்.

அடுப்படி டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தோம். வெள்ளைக் கொக்கு கறுப்பாக, ஒற்றைக் காலில். கீழே கல்லின் தலை. பக்கத்தில் கிணற்றுச் சுவர், பின்னால் வாழை. ஒரு குறை சொல்ல முடியாது.

கல் இடது பக்கம்.

"கிணறு பாக்கியத்துக்கு," என்றேன். வார்த்தை முடிவதற்குள் ஸ்டெல்லா செருப்புக்கூடப் போடாமல் அவள் வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

ஜனவரி 10, சனி

காலை எட்டுக்கெல்லாம் பாக்கியம். இரண்டு சீப்பு கதலி. வாசலில் நின்றே அழுதாள். "அண்ணே, எனக்கு ஒரு மாசமா ஒறக்கம் இல்ல." நேற்றே குவைத்துக்குப் பேசியாயிற்று. டீக்கடையிலும் சொல்லியாயிற்று. செக்ரட்டரி என்னைப் பார்த்து, "காப்பி கெட்டிக்காரன் வே நீரு," என்றார்.

பதினொரு மணி. பிலிம் இரண்டும் கொடியில் கிளிப்போடு காய்ந்துவிட்டன. ஸ்டெல்லா தன் படத்தை எடுத்து சன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சிரித்தாள்.

"ஏங்க, என்னய என்ன சேட்டு வீட்டு அம்மாவா ஆக்கிட்டிய? முந்தானை வலது தோள்ல கெடக்கு."

நானும் சிரித்துக்கொண்டுதான் எழுந்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வலது தோள்.

அப்புறம் சிரிப்பு வரவில்லை.

பிலிமுக்கு இரண்டு முகம். மருந்து பூசின பக்கம் மங்கல். மறுபக்கம் பளபளப்பு. பளபளப்பு நம்மைப் பார்க்க வைத்தால்தான் இடம் இடமாக, வலம் வலமாக. மங்கல் பக்கம் பார்த்தால் எல்லாம் மாறிவிடும். நேற்று டியூப்லைட் பளபளப்பில் அடித்துக் கண் கூசியது. திருப்பி மங்கல் பக்கமாகப் பிடித்தேன். இது எனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்துதான் இருந்தது. கல்லைப் பார்த்த சந்தோஷத்தில் அந்த நினைப்பே வரவில்லை.

ஸ்டெல்லா படத்தைத் திருப்பினேன். முந்தானை இடது தோளுக்கு வந்தது. கொக்கையும் அப்படியே திருப்பினேன்.

கல் வலது பக்கம். கிணறு அண்ணாச்சிக்கு.

முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லாவுக்குச் சொல்லிப் புரிய வைக்க ஐந்து நிமிஷம். புரிந்ததும் சன்னலைச் சாத்தினாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப பேசாம இருங்க."

"எப்படிட்டி இருக்க?"

"நேத்து பிடிச்ச மாதிரியே நாளைக்கும் பிடிங்க. நீங்க பொய் சொல்ல வேண்டாம். வாயே தொறக்க வேண்டாம். படம் சொல்லட்டும்."

"அவரு எண்ணிச் சொன்னாரே ஸ்டெல்லா."

"எண்ணிச் சொன்னாருன்னா? ஒங்க தங்கச்சி தண்ணிக்கு எங்க போவா? அவரு மவன் வித்துட்டுப் போயிருவான். அவளுக்கு அந்த வாழைதான்."

"அவருதான் எண்ணிச் சொன்னாரு," என்றேன் மறுபடியும். அவள் சோற்றை வைத்துவிட்டுப் போனாள். நான் சாப்பிடவில்லை. பாக்கியம் கொண்டுவந்த பழத்தை ஆடு இழுத்துத் தின்றுவிட்டது, யாரும் விரட்டவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன், முதலில் அவளிடம் காட்டுவதாகச் சொன்ன வார்த்தை இருக்கிறதே. பூட்டு. கோயிலுக்கு, பாவமன்னிப்பு ஒப்புரவுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். தோட்டத்துக்கு நடந்தேன். தார் தள்ளின வாழை வரிசை வரிசையாக, சேறு காய்ந்த கோடு இடுப்பளவில். அவள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் கம்பி கட்டின மோட்டார், சத்தத்தில் தெரியும். கிணற்றுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பாதையில் நின்று பார்த்தேன். அந்தப் பக்கம் போய் ஆற்றங்கரையில் நின்றும் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் கல் இடது பக்கம்தான். இப்படி எத்தனை இடத்தில் நின்று பார்ப்பது.

ஜனவரி 11, ஞாயிறு

பூசையில் ஒன்றும் காதில் ஏறவில்லை. பாக்கியம் பெண்கள் பக்கத்தில், புதுச்சேலை. பூசை விட்டதும் அவளைப் பிடித்துவிடலாம் என்று பார்த்தேன். நாலைந்து பெண்கள் சூழ்ந்துகொண்டு சொசைட்டிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். வழியில் ஒரு தடவை, "ஏளா பாக்கியம், நில்லு," என்றேன். திரும்பிக் கையை ஆட்டினாள்.

சொசைட்டி வாசலில் முப்பது பேருக்கு மேல். அண்ணாச்சி தங்கள் கோயில் விட்டு வேட்டி சட்டையோடு நேராக வந்திருந்தார். மகன் வரவில்லை. செக்ரட்டரி முற்றத்துக் கயிற்றில் வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டார், வெயில் பின்னால் வர.

"எங்க வே, காப்பிப் படம்?"

சட்டைப் பையில் இரண்டு பிலிமும். கொக்கை எடுத்தேன். எந்தப் பக்கம் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. அண்ணாச்சி பக்கத்தில் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். நிதானமாகப் பார்த்தார்.

"இடது பக்கம்," என்றார். நான் மங்கல் பக்கத்தைத்தான் காட்டியிருக்கிறேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. எங்க அப்பாவுக்குத் தப்பா ஞாபகம் போல. கிணறு பாக்கியத்துக்கு. நான் ஒத்துக்கிடுதேன்."

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அண்ணாச்சி, நில்லுங்க," என்றேன்.

ஸ்டெல்லா படத்தையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "ரெண்டு பிலிமுக்கும் மூலையில ஒரு வெட்டு இருக்கு பாருங்க. ரெண்டு வெட்டும் ஒரே மூலையில வார மாதிரி சேத்து வைங்க."

வைத்தார்.

"இப்ப என் பெண்டாட்டியப் பாருங்க."

கூட்டத்தில் சிரிப்பு. "பெண்டாட்டியப் பாக்கச் சொல்லுதான்லே!"

"முந்தானை வலது தோள்ல கெடக்கே," என்றார் அண்ணாச்சி.

"அவ என்னைக்கு வலது தோள்ல போட்டா? ரெண்டையும் சேத்துத் திருப்புங்க. முந்தானை எடது தோளுக்கு வந்தாத்தான் படம் நேரு."

திருப்பினார். பார்த்தார். கொக்கைப் பார்த்தார். எழுதப் படிக்கிற மனிதர், சட்டென்று புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுத என்று தெரியவில்லை.

"வலது பக்கம்," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

செக்ரட்டரி வாங்கிப் பார்த்தார். இன்னும் நாலு பேர் வாங்கிப் பார்த்தார்கள். ஸ்டெல்லாவின் முந்தானையை ஊரே பார்த்தது. பாக்கியம் வாங்கவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"நேத்தே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். வீட்டுக்கு வந்தேன். நீ இல்ல."

"கோயில்லதானே இருந்தேன். அங்க வர வழி தெரியாதா?"

போய்விட்டாள். அண்ணாச்சி பின்னாலேயே கூப்பிட்டார், "ஏம்மா பாக்கியம், தார் வெட்டுத வரைக்கும் தண்ணி எடுத்துக்கோ, மவன்கிட்ட நான் சொல்லுதேன்!" அவள் திரும்பவில்லை.

ஜனவரி 12, திங்கள்

மழை தூறல். மோட்டார் இரண்டு முடித்தேன். ஸ்டெல்லா தேவைக்குப் பேசுகிறாள். உப்பு, சோறு, கரண்ட் போச்சு.

பாக்கியத்துக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. மாப்பிள்ளை குவைத்திலிருந்து கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

மிச்சம் 4, 5 பிலிம். தொடவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

வெயில். காலை ஆறு மணிக்கு போன். பாக்கியம்.

"கிணத்துல கெடக்க என் மோட்டாரக் கழத்தணும். நீ வாரியா, வேற ஆளப் பாக்கட்டா?"

"தார் வெட்டுத வரைக்கும் இருக்கட்டும்னு அண்ணாச்சி சொன்னாரே."

"அவரு கிணத்துல என் மோட்டார் எதுக்கு? வாரியா மாட்டியா?"

போனேன். கயிறு, ஸ்பானர், கப்பி. அவள் முன்னாலேயே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள், முந்தானையை இடுப்பில் செருகி. நான் இறங்கிக் குழாயைப் பிரித்தேன். தண்ணீர் ஜில்லென்று நெஞ்சளவு. அண்ணாச்சி மோட்டார் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் நான் கட்டியதுதான். மோட்டாரைக் கயிற்றில் கட்டிவிட்டு ஏறி வந்தேன்.

ஒருவர் இழுக்கிற கனமில்லை. யாரையாவது கூப்பிட பாதையைப் பார்த்தேன். அவள் வந்து கயிற்றின் மறுபாதியைப் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்தோம். கப்பி கிறீச்சிட்டது. பாதி வந்ததும் அவளுக்குக் கை வழுக்கி, நான் மொத்தக் கனத்தையும் நெஞ்சோடு தாங்கி, அவள் மறுபடி பிடித்து. மேலே வந்துவிட்டது. சுவரில் வைத்தோம். ஒழுகிக்கொண்டே இருந்தது.

"பட்டறைக்குக் கொண்டு போறேன்," என்றேன்.

"வேண்டாம்."

கல் நின்ற இடத்தைத் தாண்டி, அவள் பக்கம், வாழை மூன்றாம் வரிசை வரைக்கும் நடந்தாள். காலால் மண்ணைக் கீறிக் காட்டினாள்.

"இங்கன வை. இங்கனதான் கிணறு தோண்டப் போறேன்."

தோளில் தூக்கிக் கொண்டுபோய் வைத்தேன். சட்டை நனைந்து சேறு. அவள் மோட்டாரைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு வரும்போது மம்பட்டி கொண்டா," என்றாள்.